தொட்டி மண்கலவைக் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

தொட்டிச் செடி ஒன்று வாடி நின்றால் நாம் முதலில் தேடிப் போவது உரம், இல்லையென்றால் பூச்சி மருந்து. வாடிய செடிகளைத் தொட்டியோடு கவிழ்த்துப் பார்த்துப் பார்த்து எனக்குப் புரிந்தது, கோளாறு பெரும்பாலும் இலையில் இல்லை, கலவையில்தான். கலவையில் காற்று இருக்காது, அல்லது தண்ணீர் தங்காது, அல்லது உப்பு ஏறியிருக்கும். இந்த மூன்றில் எது என்று தெரியாமல் உரம் போட்டால் நிலைமை இன்னும் கெடும். அதனால் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், செலவு பிடிப்பது கடைசியில்.

எதற்கும் முன் மூன்று சோதனைகள்

விரல். மேல்மண்ணைத் தொட்டுப் பார்ப்பது போதாது, விரல் முழுக்க உள்ளே போக வேண்டும். அப்புறம் தொட்டியைச் சாய்த்து அடித்துளை வழியாகவும் தொட்டுப் பாருங்கள். மேலே பொடிப்பொடியாகக் காய்ந்திருக்கும், அடியில் சேறாக இருக்கும். இதை மேலிருந்து மட்டும் பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது.

எடை. தண்ணீர் ஊற்றி நன்றாக வடிந்த பிறகு ஒருமுறை தொட்டியைத் தூக்கிப் பார்த்து அந்தக் கனத்தைக் கைக்குப் பழக்குங்கள். அடுத்த முறை தூக்கும்போது ஈரம் இருக்கிறதா இல்லையா என்று கையே சொல்லும்.

கவிழ்த்தல். இதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். செடியின் அடித்தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, தொட்டியைத் தலைகீழாக்கி, விளிம்பைத் தட்டினால் மண்கட்டி அப்படியே வந்துவிடும். வெளுப்பாக, உறுதியாக இருந்தால் நல்ல வேர். பழுப்பாகக் குழைந்து, இழுத்தால் தோல் உரிந்து உள்நூல் மட்டும் மிஞ்சினால் அழுகல். பார்த்துவிட்டு அப்படியே திரும்ப வைத்துவிடலாம், ஒன்றும் ஆகாது.

அறிகுறி 1: தண்ணீர் மேலேயே தேங்கி நிற்கிறது

அடித்துளை அடைபட்டிருக்கிறதா? ஒரு குச்சியை விட்டுக் குத்திப் பாருங்கள். வேர் அடைத்திருக்கலாம், துளை தரையோடு ஒட்டியிருக்கலாம், தட்டில் நிற்கும் தண்ணீரே வடிய விடாமல் தடுக்கலாம். தொட்டிக்கு அடியில் இரண்டு ஓட்டுத் துண்டு வைத்து உயர்த்தினாலே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மேல்பரப்பு இறுகிவிட்டதா? உயரத்திலிருந்து வேகமாகத் தண்ணீர் ஊற்றி ஊற்றி மேலே ஓடு மாதிரி கட்டியிருக்கும். முள்கரண்டியால் ஒரு விரற்கடை ஆழத்துக்குக் கீறிவிட்டு, பூவாளியால் ஊற்றுங்கள்.

இரண்டும் இல்லை என்றால் கலவையே நைஸாக இருக்கிறது. இதை ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். அதே அளவுள்ள காலித் தொட்டியின் துளைகளை டேப் ஒட்டி அடைத்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி அது எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீரைக் கொட்டிவிட்டு, உங்கள் கலவையை லேசாக ஈரப்படுத்தி அதே மட்டத்துக்கு நிரப்பி, மேலே தண்ணீர் பளபளக்கும் வரை மெதுவாக ஊற்றி, கொஞ்ச நேரம் ஊற விடுங்கள். இப்போது டேப்பை எடுத்துவிட்டு வடியும் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் பிடித்து அளந்து பாருங்கள். 10 லிட்டர் தொட்டியில் 1 முதல் 2 லிட்டர் வடிந்தால், அதாவது 10 முதல் 20 சதவீதம் வந்தால், பெரும்பாலான செடிகளுக்கு அந்தக் கலவை சரி. 10 சதவீதத்துக்குக் கீழே வந்தால் வேருக்கு மூச்சு முட்டும். வடிந்த தண்ணீர் விட்டுப்போன இடத்தில்தான் காற்று நுழைகிறது, அதனால் நீங்கள் அளப்பது உண்மையில் காற்றைத்தான்.

குறைவாக வந்தால் எதைச் சேர்ப்பது? மணல் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் எந்த மணல் என்பதைச் சொல்வதில்லை. பூச்சு வேலைக்குச் சலித்த பொடிமணல் இருக்கிற சந்துகளையும் அடைத்துவிடும், முன்பைவிட மோசமாகும். வேண்டியது 2 முதல் 5 மில்லிமீட்டர் வரை உள்ள பருமணல், அல்லது பெர்லைட் எனும் வெள்ளைப் பொரிகல், அல்லது தேங்காய் மட்டைச் சில்லு, அல்லது கருக்கிய உமி. கொஞ்சமாகத் தூவினால் பயன் தெரியாது, மொத்த அளவில் நாலில் ஒரு பங்காவது இருக்க வேண்டும்.

இன்னொன்று. அடியில் ஒரு அடுக்கு ஜல்லியோ ஓட்டுத் துண்டோ போட்டால் வடியும் என்று நம்பி நானும் வெகுகாலம் போட்டிருக்கிறேன். அது வடிகாலைக் கூட்டாது. நைஸான கலவையிலிருந்து தண்ணீர் அவ்வளவு எளிதில் ஜல்லிக்குள் இறங்காமல், ஜல்லிக்கு மேலேயே சதசதவென்று தங்கிவிடும், அந்த ஈர அடுக்கு வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும். துளைக்கு மேல் ஒரு சின்ன வலைத்துண்டு போதும், மிச்ச இடம் முழுக்கக் கலவைக்கே.

அறிகுறி 2: ஊற்றிய தண்ணீர் அப்படியே கீழே ஓடிவிடுகிறது

தொட்டியின் சுவருக்கும் மண்கட்டிக்கும் நடுவில் இடைவெளி தெரிகிறதா? கலவை ஒருமுறை முழுக்கக் காய்ந்து சுருங்கியிருக்கிறது. நீங்கள் ஊற்றுவது அந்தச் சந்து வழியாக ஓடிவிடும், நடுமண் சொட்டுக்கூட நனையாது. தொட்டியை வாளித் தண்ணீரில் விளிம்பு வரை அமிழ்த்தி, குமிழி வருவது நிற்கும் வரை, சுமார் அரைமணி நேரம் வைத்து எடுங்கள். சதுப்பு நிலத்து மக்குப் பாசியான பீட் காய்ந்தால் தண்ணீரை உதறித் தள்ளும், தேங்காய் நார்த்தூளான கோகோபீட் அந்த அளவுக்கு அடம்பிடிக்காது, ஆனாலும் நேரம் கொடுக்க வேண்டும்.

சந்து இல்லை என்றால் கவிழ்த்துப் பாருங்கள். வெறும் வேர்ச்சுருளாக இருந்து மண்ணே கண்ணில் படவில்லை என்றால், தண்ணீரைப் பிடித்துவைக்க உள்ளே எதுவும் இல்லை. சுற்றிய வேரை விரலால் பிரித்து, பக்கவாட்டில் மூன்று நாலு இடத்தில் மேலிருந்து கீழாகக் கத்தியால் கீறி, முந்தையதைவிட இரண்டு மூன்று விரற்கடை அகலமான தொட்டிக்கு மாற்றுங்கள். ஒரேயடியாகப் பெரிய தொட்டிக்குப் போக வேண்டாம், ஏன் என்பது அடுத்த அறிகுறியில் வருகிறது.

வேரும் சரி என்றால் கலவையில் பருமணலோ பெர்லைட்டோ அதிகம். கோகோபீட்டோ மக்கிய இலையோ கூட்டி மறுபடி கலக்க வேண்டியதுதான்.

அறிகுறி 3: மண் ஈரமாக இருக்கிறது, செடி மட்டும் வாடுகிறது

இதுதான் அதிகம் ஏமாற்றுவது, அதிகச் செடிகளைக் கொல்வதும் இதுதான். வாடுகிறதே என்று பார்த்ததும் கை தானாகத் தண்ணீர்க் குவளைக்குப் போகும். நிறுத்துங்கள்.

முதலில் நேரத்தைப் பாருங்கள். மதிய வெயிலில் தொங்கி, சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் அது வெப்பம், கலவையில் குற்றமில்லை. காலையிலேயே தொங்கினால் மேற்கொண்டு படியுங்கள்.

சின்னச் செடியைப் பெரிய தொட்டியில் வைத்தீர்களா? வேர் எட்டாத மண்ணில் தண்ணீரை உறிஞ்ச ஆளில்லை, அது நாள்கணக்கில் ஈரமாகவே கிடந்து புளிக்க ஆரம்பிக்கும். செடியை எடுத்துச் சின்னத் தொட்டிக்கு மாற்றுங்கள்.

அடித்துளைப் பக்கம் மூக்கை வைத்துப் பாருங்கள். நல்ல கலவை மழை பெய்த மண் மாதிரி மணக்கும். அழுகிய முட்டை வாடையோ சாக்கடை வாடையோ அடித்தால் உள்ளே காற்றில்லாமல் அழுகல் தொடங்கிவிட்டது. கவிழ்த்து, குழைந்த வேர்களை எல்லாம் சுத்தமான கத்தரிக்கோலால் நறுக்கி, பழைய கலவையை உதறிவிட்டு, அளந்து சரிபார்த்த புதிய கலவையில் வையுங்கள். வேர் குறைந்த அளவுக்கு மேலேயும் இலை, கிளைகளைக் குறைத்து, நிழலில் வைத்து, புதுத்துளிர் வரும் வரை உரம் எதுவும் போடாதீர்கள். பாதிக்கு மேல் வேர் போயிருந்தால் செடியைக் காப்பாற்றுவது கடினம், அதற்குள் இரண்டு தண்டை வெட்டிப் பதியன் போட்டுவிடுவது நல்லது.

வாடை இல்லை, ஆனால் வேரில் முண்டு முண்டாக வீக்கம் தெரிகிறதா? தக்காளி, கத்தரி, வெண்டையில் இது நூற்புழுவாக, அதாவது வேருக்குள் வாழும் கண்ணுக்குத் தெரியாத புழுவாக இருக்கலாம். பயறுவகைச் செடி என்றால் அவசரப்படாதீர்கள், அவற்றின் வேர்முண்டுகள் நல்லவை. விரலால் தேய்த்தால் தனியாக உதிரும், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு வீக்கம் அப்படி உதிராது, வேரே தடித்திருக்கும். உறுதியானால் செடியையும் கலவையையும் வெளியேற்றுங்கள், மக்கு உரக் குழியில் போடவே கூடாது, தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காய வையுங்கள். பெரும்பாலும் சுத்திகரிக்காத தோட்டத்து மண்ணிலிருந்துதான் இது வருகிறது. அந்த மண்ணை ஈரப்படுத்தி, மெல்லிய பரப்பாகப் பரப்பி, கண்ணாடி மாதிரித் தெரியும் பாலித்தீன் தாளால் மூடி ஓரங்களை அடைத்து, கடும் வெயில் காலத்தில் 4 முதல் 6 வாரம் விட்டால் நூற்புழு பெருமளவு குறையும்.

தோட்டத்து மண்ணே தொட்டிக்கு ஆகாது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. 1930-களில் இங்கிலாந்தின் ஜான் இன்னிஸ் தோட்டக்கலை நிறுவனம் வகுத்த நடவுக் கலவையே 7 பங்கு மண், 3 பங்கு பீட், 2 பங்கு மணல்தான். ஆனால் அந்த மண்ணைச் சூடாக்கிச் சுத்திகரித்தார்கள், கூடவே பருமணலையும் சேர்த்தார்கள். வெறும் மண்ணை அள்ளிப் போடுவது வேறு, அது வேறு.

கொழுத்த வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடந்தால் அவை வேரைக் கடிக்கும் வண்டுப் புழுக்கள், சரியாக மக்காத தொழு உரத்தில் வந்தவை. கையால் பொறுக்கிவிடலாம். அடுத்த முறை தொழு உரத்தைச் சலித்துச் சேருங்கள்.

அறிகுறி 4: இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

அடியிலுள்ள பழைய இலைகள் முழுக்க ஒரே சீராக வெளுக்கின்றன: தழைச்சத்துக் குறைவு. வெறும் கோகோபீட்டில் நட்டுவிட்டு உரம் மறந்தவர்களுக்கு இது நிச்சயம் வரும், அதில் தழைச்சத்து கிட்டத்தட்ட இல்லை. மரத்தூளோ காய்ந்த இலையோ மக்காமல் கலந்திருந்தாலும் வரும், அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளும். திரவ உரத்தைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் பாதியாகக் கரைத்து வாரம் ஒருமுறை கொடுங்கள். மரத்தூள் நிறைய இருந்தால் கலவையை மாற்றுவதே மேல்.

பழைய இலைகளில் நரம்பு பச்சையாக இருந்து நடுப்பகுதி மட்டும் வெளுக்கிறது: மெக்னீசியம். கோகோபீட் கலவைகளில் அடிக்கடி பார்க்கலாம். எப்சம் உப்பு ஒரு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டிக்கு மிகாமல் கரைத்து ஊற்றலாம்.

நுனியிலுள்ள இளம் இலைகளில் நரம்பு பச்சை, மிச்சம் எலுமிச்சை மஞ்சள்: இரும்பு. ஆனால் இரும்பு இல்லாமல் போயிருக்காது, எடுக்க முடியாமல் போயிருக்கும். முதலில் தண்ணீர் அதிகமாகி வேர் திணறுகிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் பி.எச்., அதாவது கலவையின் அமில-கார அளவைப் பார்க்க வேண்டும். தொட்டிக் கலவைக்கு 5.5 முதல் 6.5 வரை நல்லது, கடினத் தண்ணீர் ஊற்றி ஊற்றி 7.5-க்கு மேல் போய்விடும். கலவையோடு அதே அளவு காய்ச்சி வடித்த நீரைக் கலந்து அரைமணி நேரம் வைத்து, பி.எச். தாளைத் தொட்டுப் பாருங்கள். இரும்பு உரம் வாங்கினால் வகையைப் பார்த்து வாங்குங்கள். இடிடிஏ வகை பி.எச். 6.5-க்கு மேல் சரியாக வேலை செய்யாது, இடிடிஎச்ஏ வகை 7-க்கு மேலும் தாங்கும். இரண்டு முறை கொடுத்தும் புதுத்துளிர் பச்சையாக வரவில்லை என்றால் மேற்கொண்டு பணத்தைக் கொட்டாமல் மண் பரிசோதனைக் கூடத்துக்குக் கலவையையும் நீங்கள் ஊற்றும் தண்ணீரையும் சேர்த்து அனுப்புங்கள். தண்ணீரை அனுப்ப மறந்துவிடுகிறார்கள், பல நேரம் குற்றவாளி அதுதான்.

அறிகுறி 5: இலை நுனி கருகுகிறது, மண்மேல் வெள்ளையாகப் படிகிறது

வெள்ளையைத் தொட்டுப் பாருங்கள். பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தால் பூசணம், கிளறிவிட்டு நீரைக் குறைத்தால் போய்விடும், செடியை ஒன்றும் செய்யாது. நறநறவென்று இருந்து தண்ணீரில் கரைந்தால் உப்பு.

உப்பு என்றால் மேல் ஓட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி முழுக்க வடிய விடுங்கள். வடிந்தது தட்டிலேயே நின்றால் மறுபடி உள்ளே ஏறும், அதனால் தட்டை எடுத்துவிட வேண்டும். குடிதண்ணீரில் கரைந்த உப்பைப் பார்க்கும் டிடிஎஸ் மீட்டர் கையில் இருந்தால் ஊற்றும் தண்ணீரையும் வடியும் தண்ணீரையும் பாருங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டால் கழுவியது போதும்.

புதிதாக நட்ட பத்து நாளிலேயே கருகினால் கழுவாத கோகோபீட்தான் முதல் சந்தேகம். தேங்காய் நாரில் சோடியமும் பொட்டாசியமும் இயல்பாகவே அதிகம், உப்புத் தண்ணீரில் ஊறிய மட்டையென்றால் கேட்கவே வேண்டாம். 5 கிலோ கட்டி ஊறினால் 60 லிட்டருக்கு மேல் பொங்கும், அதனால் பெரிய தொட்டியில் ஊறவைத்து, பிழிந்து, தண்ணீரை மாற்றி, மூன்று முறையாவது செய்யுங்கள். ஒருமுறை வாங்கிய கட்டியின் உறையில் கழுவியது என்று போட்டிருந்ததை நம்பி அப்படியே கலந்து, ஒரு வரிசை மிளகாய் நாற்றைப் பறிகொடுத்தேன். அதற்குப் பிறகு எந்த உறையையும் நம்புவதில்லை, முதல் ஊறல் தண்ணீரில் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கலக்கிறேன்.

கழுவியும் மாதாமாதம் உப்புப் படிகிறது என்றால் உரத்தின் அளவைப் பாதியாக்குங்கள். அப்படியும் வந்தால் தண்ணீர்தான் காரணம், மழைநீரைப் பிடித்துக் கலந்து ஊற்றுவதைத் தவிர வேறு மலிவான வழி இல்லை.

அறிகுறி 6: விதை முளைக்கவில்லை, முளைத்த நாற்று சரிகிறது

நாற்றின் தண்டு மண்மட்டத்தில் நூல் மாதிரி மெலிந்து சாய்ந்தால் நாற்றழுகல். அதிக ஈரம், நெருக்கமான விதைப்பு, பழைய கலவை ஆகியவையே காரணம். சரிந்தது பிழைக்காது. மிச்சத்தைக் காற்றோட்டத்தில் வைத்து, கீழிருந்து தண்ணீர் ஏறும்படி கொடுங்கள். அடுத்த முறை புதிய கோகோபீட் 3 பங்கு, சலித்த மண்புழு உரம் 1 பங்கு, அவ்வளவுதான். டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலப்பது வருமுன் காக்கும், வந்தபின் நாற்றை எழுப்பாது.

முளைக்கவே இல்லை என்றால் மக்காத உரத்தைச் சந்தேகியுங்கள். ஈரமான உரத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் கட்டி நாலைந்து நாள் வைத்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். மண்வாசனை வந்தால் மக்கியது. புளிப்போ மூக்கைக் குத்தும் அம்மோனியா நெடியோ வந்தால் இன்னும் ஒரு மாதமாவது ஆற விடுங்கள்.

அறிகுறி 7: துளிர் சுருண்டு, பெரணி இலை மாதிரி முறுக்கிக்கொண்டு வருகிறது

இலையின் அடிப்பக்கத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள், இலைப்பேனோ சிலந்திப்பேனோ இருந்தால் காரணம் அதுதான். ஒரு செடி மட்டும் இப்படி என்றால் நச்சுயிரியாக இருக்கலாம், அதைத் தனியே பிரித்துவிடுங்கள். ஒரே மூட்டை உரம் போட்ட எல்லாத் தொட்டியிலும், அதுவும் தக்காளியிலும் அவரையிலும் ஒரே சமயத்தில் வந்தால் உரத்தில் களைக்கொல்லி மிச்சம் இருக்கக்கூடும். அமினோபைராலிட், குளோபைராலிட் போன்றவை தெளித்த புல்லைத் தின்ற மாட்டின் சாணத்தில் அவை அழியாமல் வரும், மக்கிய பிறகும் இருக்கும்.

சோதிப்பது எளிது. சந்தேகமான உரம் கலந்த மூன்று தொட்டி, கலக்காத மூன்று தொட்டி, எல்லாவற்றிலும் அவரை விதை. மூன்று வாரம் பாருங்கள். உரத் தொட்டிகளில் மட்டும் இலை கிண்ணம் மாதிரி மடங்கினால் அந்த மூட்டையை உணவுச் செடிக்குப் பயன்படுத்தாதீர்கள். விற்றவரிடம் இந்த ஆறு தொட்டியின் படத்தோடு போனால் பேச்சு சுலபமாக முடியும்.

அறிகுறி 8: கொசு மாதிரிப் பூச்சி, காளான், இறங்கும் மண்

மண்மேல் சின்னக் கறுப்புப் பூச்சிகள் பறந்தால் மேல்மண் எப்போதும் ஈரமாக இருக்கிறது என்று அர்த்தம். புழு மேல் 5 சென்டிமீட்டரில்தான் இருக்கும், அந்த அளவு காயும் வரை தண்ணீர் ஊற்றாதீர்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி வையுங்கள். முட்டையிலிருந்து பூச்சி வரை 3, 4 வாரம் ஆகும், அதுவரை பொறுமை வேண்டும்.

காளான் செடிக்குக் கெடுதல் செய்யாது. சின்னக் குழந்தைகளோ வளர்ப்புப் பிராணிகளோ இருந்தால் மட்டும் உடனே பிடுங்கிவிடுங்கள், சாப்பிட்டால் ஆபத்து.

மண்மட்டம் வருடத்துக்கு நாலு விரல் இறங்குவது இயல்புதான், மக்குப் பொருள் கரைகிறது. மேலே மட்டும் கொட்டி நிரப்பித் தண்டைப் புதைக்காதீர்கள், ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து அடியில் புதுக்கலவை வையுங்கள்.

புது மூட்டையே சந்தேகமாக இருந்தால்

ஒரு கைப்பிடி ஈரக் கலவையை இறுக்கிப் பிடித்துத் திறங்கள். உருண்டையாக நின்று, விரலால் தொட்டதும் உதிர்ந்தால் நல்லது. களிமண் மாதிரி அப்படியே நின்றால் நைஸ், பிடிக்கவே முடியாவிட்டால் ஈரம் தங்காது. ஆளைச் சாய்க்கும் கனமாக இருந்தால் மூட்டையில் பாதி மண்ணோ மணலோதான்.

புதிதாகக் கலப்பவர்களுக்கு நான் தரும் அளவு: கோகோபீட் 2 பங்கு, மக்கிய உரம் 1, பருமணலோ பெர்லைட்டோ 1. கள்ளிக்கும் கற்றாழைக்கும் பருப்பொருள் பாதிக்குப் பாதி. பல வருடம் நிற்கும் ரோஜா, எலுமிச்சைக்கு இதோடு சுத்திகரித்த மண் 1 பங்கு, அப்போதுதான் காற்றில் சாயாது.

மூட்டையைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளிவைத்து, தூசி பறக்காமல் நனைத்து, முகக்கவசத்தோடு கலந்து, பிறகு கையைக் கழுவுங்கள். தொட்டி மண்கலவைகளில் லெஜியோனெல்லா லாங்பீச்சே என்ற பாக்டீரியா இருக்கக்கூடும், அது நிமோனியாவை உண்டாக்கும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மூட்டைமேலேயே எச்சரிக்கை அச்சிடுகிறார்கள். கலவையில் வேலை செய்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் இருமலும் மூச்சுத்திணறலும் வந்தால் மருத்துவரிடம் போய், மண்கலவை கையாண்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் அந்தச் சோதனையை எடுக்க அவருக்குத் தோன்றாமல் போகலாம்.

தொட்டிகளுக்குக் கீழே கூரை கசிந்தால்

இது செடிப் பிரச்சினை இல்லை, தள்ளிப்போடாதீர்கள். நனைந்த தோட்டத்து மண் ஒரு லிட்டர் 2 கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கும். 15 சென்டிமீட்டர் ஆழப் பாத்தி என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 300 கிலோ வரை போகும். கோகோபீட் அதிகமுள்ள கலவை அதில் பாதிக்குச் சற்றுமுன்பின் வரும். முதலில் தட்டுகளையும் வடிகால் வழியையும் பாருங்கள், தொட்டிகளைத் தூண், சுவர் ஓரமாக நகர்த்துங்கள். கசிவு நிற்கவில்லை என்றாலோ, அடியில் விரிசலோ துருக்கறையோ தெரிந்தாலோ, அன்றைக்கே தொட்டிகளை இறக்கிவிட்டுக் கட்டுமானப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அவர் பார்த்து முடிக்கும் வரை ஒரு தொட்டியைக்கூட மேலே ஏற்ற வேண்டாம்.